பன்னிரண்டு கட்டைதான் என்று யார் சொன்னது?

மார்கழி பிறந்துவிட்டால் சபா கேண்டீனில் இந்த வசனத்தைக் கேட்காமல் காபி குடித்துவிட்டு வர முடியாது. "வெள்ளைக்காரனுக்கு மொத்தமே பன்னிரண்டு கட்டைதான் சார். நம்ம சங்கீதத்திலே இருபத்திரண்டு சுருதி. அவனுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது." பக்கத்தில் நிற்கிறவர் தலையை ஆட்டுவார். இன்னொருவர், "அதான் சார்" என்பார். அப்புறம் அடுத்த கச்சேரிக்கு மணி அடித்துவிடும்.

நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவர்கள், நல்லவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. அந்த வசனத்தோடுதான் சண்டை. அதில் பாதி பெருமை, பாதி ஏளனம். பெருமையைப் பற்றி அப்புறம் பேசலாம். ஏளனம் சுத்தப் பொய்.

நான் சங்கீத வித்வான் இல்லை. தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை பஜனையில் ஹார்மோனியம் பிடிப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் ஒரு மனிதரைப் பற்றி நிறையப் படித்தேன், அவருடைய இசையைக் கேட்டேன். அவரைப் பற்றித் தெரிந்த பிறகு கேண்டீன் வசனத்தைச் சும்மா கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அவர் பெயர் இவான் விஷ்னெகிராட்ஸ்கி. வாயில் சட்டென்று நுழையாது. திருவிடைமருதூர் என்று சொல்ல ஒரு ரஷ்யர் எவ்வளவு கஷ்டப்படுவாரோ அவ்வளவு கஷ்டம்தான். இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

1893-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பாட்டனார் ஜார் அரசாங்கத்தில் நிதி மந்திரியாக இருந்தவர், கணிதத்திலும் பெரிய கை. அப்பா பாங்கர், ஓய்வு நேரத்தில் இசை எழுதுகிறவர். பேரனும் முதலில் கணக்குதான் படித்தார், பிறகு சட்டம், கூடவே இசை. அந்தக் காலத்து ரஷ்ய இளைஞர்கள் பலரைப் போல ஸ்க்ரியாபினின் இசையில் மயங்கிக் கிடந்தார். 1916-ல் அவருக்கு ஓர் ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதன் வேகத்தில் 'இருப்பின் நாள்' என்று பொருள்படும் பெயரில், ஒரு கதைசொல்லியும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த நீண்ட படைப்பை எழுதினார். அந்த வழியில் போகப் போகத்தான் பன்னிரண்டு ஸ்வரம் போதாது என்ற முடிவுக்கு வந்தார். 1918-ல் கால் ஸ்வரத்தில் இறங்கிவிட்டார்.

கால் ஸ்வரம் என்றால் என்ன? உங்கள் வீட்டு ஹார்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸட்ஜத்தில் ஆரம்பித்து மேல் ஸட்ஜத்துக்கு முந்தின கட்டை வரை கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டை. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மேல்நாட்டார் அரை ஸ்வரம் என்பார்கள். அந்த அரையை இன்னொரு பாதியாக்கினால் கால். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நட்டநடுவே ஒரு காந்தாரம் வைக்கிற மாதிரி. ஸ்தாயி முழுக்க இப்படிச் செய்தால் பன்னிரண்டு இருபத்து நான்காகிவிடும்.

கணக்கு சுலபம். வாசிப்பது எதில்? பியானோவில் அந்தக் கட்டைகளே கிடையாதே!

அவர் முதலில் கண்ட வழி எளிமையானது. ஒரு பியானோவை வழக்கப்படி சுருதி கூட்டுவது, பக்கத்தில் இன்னொரு பியானோவை வைத்து அதைக் கால் ஸ்வரம் தள்ளிக் கூட்டுவது. ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கு மேல் தந்திகள் இருக்கின்றன. தம்புராவின் நாலு தந்தியைச் சேர்க்கவே நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். இரண்டு பியானோ, இரண்டு வித்வான்கள், ஒருவர் வாசிக்கும் ஸ்வரங்களுக்கு நடுவில் மற்றவருடையது வந்து விழ வேண்டும்.

1920-ல் ரஷ்யாவை விட்டுப் பாரிஸுக்குப் போனார். ஒரே ஆள் வாசிக்கும்படியான கால் ஸ்வரப் பியானோ வேண்டும் என்று அலைந்தார். பாரிஸில் பெரிய கம்பெனியான பிளேயெலிடம் கேட்டு ஒன்று செய்தார்கள், அது அவருக்குத் திருப்தியாக இல்லை. பெர்லினுக்குப் போனார், செக் நாட்டு அலோய்ஸ் ஹாபா முதலிய கால் ஸ்வரக்காரர்களைச் சந்தித்தார். கடைசியில் ஃபோர்ஸ்டர் கம்பெனி செய்த பியானோ 1929-ல் அவர் கைக்கு வந்தது. இரண்டு பியானோவை ஒரே உடம்பில் அடைத்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசைக் கட்டைகள். முதல் யோசனை வந்து பதினோரு வருஷம் கழித்து!

இந்த இடத்தில் கேண்டீன் நண்பரை ஒன்று கேட்கிறேன். காதில் விழாத ஒன்றுக்காகவா ஒரு மனிதர் பதினோரு வருஷம் ஊர் ஊராக அலைவார்?

அவர் தனி ஆள்கூட இல்லை. ஹாபா முழுக்கக் கால் ஸ்வரத்தில் ஓர் ஆப்பெராவே எழுதி, 1931-ல் மியூனிக்கில் மேடையேறியது. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஐவ்ஸ் 1924-ல் இரண்டு பியானோவுக்குக் கால் ஸ்வர உருப்படிகள் மூன்று எழுதினார். மெக்ஸிகோவில் ஹூலியான் கரீயோ ஒருபடி மேலே போய், முழு ஸ்வரத்தைப் பதினாறாகப் பிரித்தார். அந்தக் கணக்கில் செய்த பியானோவில் தொண்ணூற்றேழு கட்டை இருந்தும் மொத்தம் ஒரு ஸ்தாயிதான் வரும். இவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர் கணக்கில் வருகிறவர்கள்தானே?

சரி, நம் பெருமைக்கு வருவோம்.

வீட்டில் வீணை இருந்தால் மெட்டுக்களை எண்ணிப் பாருங்கள். இருபத்து நான்கு. அது இரண்டு ஸ்தாயிக்கு. ஆக, ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு! வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளமும் இந்தப் பன்னிரண்டு ஸ்தானங்களை வைத்துத்தான். ஸ்வரப் பெயர்கள் பதினாறு, ஸ்தானம் பன்னிரண்டு. பாட்டு வாத்தியார் முதல் வருஷமே இதைச் சொல்லிக் கொடுக்கிறார். சொல்லிக் கொடுத்துவிட்டு அவரே கேண்டீனில் நின்று, பன்னிரண்டு என்பது வெள்ளைக்காரன் சமாசாரம் என்கிறார்.

பன்னிரண்டுக்கு நடுவில் இருப்பதை நாம் எப்படி எடுக்கிறோம்? வீணையில் தந்தியை இழுத்து, குரலில் அசைத்து. தோடியின் காந்தாரம் எந்த மெட்டிலும் உட்காருவதில்லை, இழுப்பில்தான் பிறக்கிறது. கமகம் நம் சொத்து, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பியானோவில் தந்தியை இழுக்க வழியில்லை. ஆகவே அவர் அந்த இடத்தில் இன்னொரு கட்டையை வைத்தார். நமக்கு அசைவு வேண்டியிருந்தது. அவருக்குப் பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டியிருந்தது. அதற்கு அசையாத, நிலையான இடம் வேண்டும். பாதை வேறு, தேடிப் போன இடம் பன்னிரண்டுக்கு நடுவேதான்.

"சமமாகப் பிரித்த இருபத்து நான்கு எங்கே, நம் சாஸ்திரம் சொல்லும் இருபத்திரண்டு எங்கே? இரண்டும் ஒன்றா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். ஒன்று இல்லைதான். பரத முனிவரின் இருபத்திரண்டு சுருதி வேறு கணக்கு. ஆனால் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "இந்த மண்ணிலேயே ஒருவர், இருபத்திரண்டு தப்பு, இருபத்து நான்குதான் சரி, அதுவும் சமமான இருபத்து நான்கு என்று சொன்னாரே, தெரியுமா?" அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த வைத்தியர். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் ஆரம்பித்துத் தஞ்சாவூரில் மாநாடுகள் கூட்டியவர். பழந்தமிழ் நூல்களைத் துருவி, ஸ்தாயியை இருபத்து நான்கு சம அலகுகளாகப் பிரிப்பதே தமிழர் முறை என்று வாதாடினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், வட நாட்டு வித்வான்கள் முன்னால் தம் வீட்டுப் பெண்களைக் கொண்டு அதை நிரூபிக்க முயன்றார். 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. இரண்டு வருஷத்தில் மனிதர் காலமாகிவிட்டார்.

தேதிகளைக் கவனியுங்கள். பண்டிதர் பரோடாவில் வாதாடிய அதே 1916-ல் ரஷ்யாவில் அந்த இளைஞர் தம் பெரிய படைப்பை ஆரம்பிக்கிறார். 1918-ல் ஸ்தாயியை இருபத்து நான்காகப் பிரிக்கிறார். ஒருவர் ஏட்டிலிருந்து, இன்னொருவர் பியானோவிலிருந்து, ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பண்டிதர் சொன்னதை ஏற்கிறவர்கள் உண்டு, மறுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். இருபத்திரண்டு என்று மார்தட்டுகிறவர்களில் எத்தனை பேர் அவர் புத்தகத்தைப் புரட்டியாவது பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சுருதிக்காகச் சொந்தக் காசையும் ஆயுளையும் செலவழித்த நம் ஆளையே நாம் படிக்கவில்லை. பாரிஸ்காரரை எங்கே கேட்கப் போகிறோம்?

ஹார்மோனியத்துக்கு வருகிறேன். 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தைத் தடை செய்தது. நிலையான பன்னிரண்டு கட்டையில் நம் சுருதிகள் வராது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1971-ல்தான் தடை தளர்ந்தது. இதை நம் சங்கீதத்தின் சுயமரியாதைக் கதையாகப் பலர் சொல்வார்கள். அந்த வாத்தியத்துக்கு எதிராக 1938-லேயே எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டெல்லி ரேடியோவில் மேல்நாட்டு சங்கீதப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆங்கிலேயர் ஜான் ஃபோல்ட்ஸ். மான்செஸ்டர்க்காரர். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே தம் செல்லோ சொனாட்டாவில் கால் ஸ்வரம் எழுதியவர். அவர் மனைவி மாட் மெக்கார்த்தி தென்னிந்தியாவுக்கு வந்து நம் சங்கீதம் படித்துப் போனவர். ஃபோல்ட்ஸ் 1939-ல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார். பஜனையில் ஹார்மோனியம் பிடிக்கிற எனக்கு அவர் கட்சி ருசிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால், "வெள்ளைக்காரன் காதில் சுருதி விழாது" என்று சொல்கிறவர்கள், அந்த வாதத்தை ரேடியோவுக்காக எழுதிக் கொடுத்ததே ஒரு வெள்ளைக்காரர் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

"அதெல்லாம் சரி சார், கேட்டால் அபஸ்வரமாக இருக்கிறதே" என்பது அடுத்த ஆட்சேபம்.

இருக்கும். முதல் தரம் அப்படித்தான் இருக்கும். விஷ்னெகிராட்ஸ்கி 1934-ல் இரண்டு பியானோவுக்காக எழுதிய இருபத்து நான்கு பிரெலூடுகளை என் வீட்டில் போட்டபோது, மழையில் நனைந்த பியானோவா என்று என் மனைவி கேட்டாள். ஐந்தாறு தரம் கேட்ட பிறகு, இது பிசகு இல்லை, வேண்டுமென்றே வைத்த இடம் என்று காதுக்குப் பிடிபடுகிறது. இருபத்து நான்கிலிருந்து பதின்மூன்று ஸ்வரங்களைப் பொறுக்கி எடுத்து ஓர் அமைப்பை உண்டாக்கி, இருபத்து நான்கு ஆதார ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு பிரெலூட் எழுதியிருக்கிறார். பன்னிரண்டிலிருந்து ஏழைப் பொறுக்கி மேளம் கட்டியவர்களின் வாரிசுகளுக்கு இது புரியாமலா போகும்? சில பிரெலூடுகளில் பெரிய மணிகள் தூரத்தில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. சிலது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. நமக்கு ஒட்டாத ஒலி வரும்போதெல்லாம் அபஸ்வரம் என்று சொல்லிவிட்டால், நம் கமகத்தைக் கேட்டு, ஏன் குரல் நடுங்குகிறது என்று கேட்கிற வெளிநாட்டுக்காரரைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை?

கடைசி ஆட்சேபம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. "அது தோற்றுப்போன முயற்சி சார். ஜெயித்திருந்தால் ஊரெல்லாம் வாசிக்க மாட்டானா?"

தோற்றது யார் என்று பார்ப்போம். 1937-ல் பாரிஸில் முழுக்க அவர் படைப்புகளே கொண்ட கச்சேரி நடந்தது. 1942-ல் ஜெர்மன்காரர்கள் பிடித்துப் போய்க் கொம்பியேன் முகாமில் இரண்டு மாதம் அடைத்தார்கள். 1945-ல் மறுபடியும் கச்சேரி. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பியர் பூலேஸ் அப்போது இருபது வயதுப் பையன், அன்று வாசித்தவர்களில் ஒருவர். பிறகு காசநோய். 1950 வரை சானடோரியம் வாசம். எழுதுவதையே விட்டுவிடலாம் என்றிருந்தவரை ஒலிவியே மெசியான் ஊக்கப்படுத்தி மறுபடி எழுத வைத்தார். திரும்பி வந்து என்ன செய்தார் தெரியுமா? கால் ஸ்வரத்தோடு நிற்கவில்லை. 1956-ல் முழு ஸ்வரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஆறு பியானோவை ஒன்றுக்கொன்று இம்மி இம்மியாகத் தள்ளிச் சுருதி கூட்டி, 'வானவில்' என்று ஒரு படைப்பு எழுதினார். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

1916-ல் எழுத ஆரம்பித்தாரே, அந்த 'இருப்பின் நாள்', அது முதன்முதலாக மேடையேறியது 1978 ஜனவரியில். பிரெஞ்சு ரேடியோவின் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அவருக்கு வயது எண்பத்து நான்கு. அறுபது வருஷம் காத்திருந்து கேட்டார். அடுத்த வருஷம் செப்டம்பரில் இறந்துபோனார்.

வாசிக்கக் கருவி இல்லை, இரண்டு மூன்று பியானோவைச் சுருதி மாற்றிக் கொடுக்க மண்டபக்காரர் சம்மதிப்பதில்லை, ஒத்திகைக்கு ஆள் கிடைப்பதில்லை. இப்படி ஒரு மனிதரைக் காக்க வைத்துவிட்டு, ஊரெல்லாம் பரவவில்லையே, அப்படியானால் சரக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்? ஊரெல்லாம் பரவுவதுதான் அளவுகோல் என்றால், சபாவில் மத்தியானக் கச்சேரிக்கு இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தச் சின்ன வித்வானைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன், பத்தாவது படிக்கிறான். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவான். பாட்டும் கற்றுக்கொள்கிறான், கீபோர்டும் வாசிப்பான். இப்போது வருகிற சில கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. பையன் அதைக் கண்டுபிடித்து, நாள் கணக்காக உட்கார்ந்து, காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தன் காதுக்குப் பட்ட இடத்தில் நிறுத்தி, ஒரு ராகத்தை வாசித்துப் பழகினான். போன வருஷம் ஒரு போட்டிக்குக் கொண்டுபோனான். நடுவராக இருந்தவர் கீபோர்டைப் பார்த்ததுமே, "இது பன்னிரண்டு கட்டை வாத்தியம், இதில் நம்ம சுருதி வராதுப்பா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். கட்டையைத் தொடக்கூட விடவில்லை. கேட்டுவிட்டு, தப்பு என்று சொல்லியிருந்தால் பையன் திருத்திக்கொண்டிருப்பான். "அவர் காதே கொடுக்கலையே தாத்தா" என்றான். இப்போது அந்த கீபோர்டில் சினிமாப் பாட்டு மட்டும்தான் வாசிக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் சுருதி மாற்றுகிற அந்தப் பொத்தானிடம் போவதில்லை.

கேண்டீன் வசனம் வெறும் வாய்ப்பேச்சு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நுண்ணிய சுருதி நம் கையில்தான் இருக்கிறது, மற்றவனுக்குக் கிடையாது என்று முடிவு கட்டிவிட்டவர், அதைத் தேடி ஒரு பிள்ளை எதிரில் வந்து நின்றாலும் கேட்க மாட்டார்.

ஆகவே நண்பர்களே, இந்த மார்கழியில் யாராவது அந்த வசனத்தை ஆரம்பித்தால் காபியைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வீணைக்கு எத்தனை மெட்டு? கருணாமிர்த சாகரம் படித்திருக்கிறீர்களா? விஷ்னெகிராட்ஸ்கியின் ஒரு பிரெலூடாவது கேட்டிருக்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் தாராளமாக மேல்நாட்டு சங்கீதத்தைத் திட்டட்டும், நான் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன். பிரெலூடுகள் யூடியூபில் இருக்கின்றன, காசு கிடையாது. இன்று ராத்திரி ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் மறுநாள் இன்னொரு தரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.